காலிக் கடையில் நடந்த வியாபாரம்

முன்னொரு காலத்தில், வெயிலுக்குப் பேர்போன ஒரு நாட்டை ஆண்ட மன்னருக்குக் காலைப் பலகாரம் முடிந்ததும் தினம் ஒரு சந்தேகம் வரும். அதைத் தீர்த்துவைப்பதற்குள் சபையோரின் மதியச் சாப்பாடு ஆறிவிடும். அன்று வந்த சந்தேகம், வியாபாரத்தில் ஒருவன் முன்னுக்கு வர என்ன குணம் வேண்டும் என்பது.

"முதல் இருந்தால் போதும், அரசே. குணம் பின்னாலேயே வந்துவிடும்" என்றார் பொக்கிஷ மந்திரி அம்பலவாணர்.

சபை விகடன் பிச்சாண்டி கொட்டாவியை அடக்கிக்கொண்டு எழுந்தான். "எதிரே வருகிறவருக்கு என்ன குறை என்று பார்க்கிற கண் வேண்டும், அரசே. நம்பிக் கொடுத்ததைப் பத்திரமாகத் திருப்பித் தருகிற கை வேண்டும். இரண்டும் இருந்தால் முதல் இல்லாமலே பிழைக்கலாம்."

அம்பலவாணருக்கு நெஞ்சு குளிர்ந்தது. இந்த வாயாடியை ஊரைவிட்டு அனுப்ப இப்படியொரு தருணத்துக்காகத்தானே காத்திருந்தார்.

"அப்படியானால் இவனுக்குச் சந்தையில் ஒரு கடை கொடுங்கள், அரசே. இவன் சரக்கென்று உள்ளே ஒரு துரும்பும் இருக்கக் கூடாது. நாளைச் சந்தை கலைவதற்குள் வியாபாரம் நடக்காவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்."

மன்னரும் விளையாட்டாகத் தலையசைத்துவிட்டார். பிச்சாண்டியின் முகம் வெளுத்துப்போனது. அவன் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அது அம்பலவாணருக்கும் நன்றாகத் தெரியும்.

மறுநாள் உச்சிவெயிலில், பிச்சாண்டி ஈ ஓட்டுவதை ரசிப்பதற்காக மன்னரையும் அழைத்துக்கொண்டு அம்பலவாணர் சந்தைக்குப் போனார். கடையைக் கண்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே பானையும் பாயும் புளிமூட்டையும் கூரை வரைக்கும் ஏறியிருந்தன. வாசலில் ஆட்கள் முண்டியடித்தார்கள்.

"அரசே, ஆணையை மீறிவிட்டான். கடை நிறையச் சரக்கு."

"இதில் ஒன்றுகூட அடியேனுடையது இல்லை" என்றான் பிச்சாண்டி. "சந்தைக்கு வருகிறவர்கள் வாங்கியதைத் தலையில் சுமந்துகொண்டே அடுத்த கடைக்கு அலைகிறார்கள். இறக்கிவைக்க நிழல் இல்லை. என்னிடம் இருந்தது காலி இடம். அதைத்தான் விற்கிறேன்."

அதற்குள் ஒரு பெண் கோழிக்கூடையை இறக்கினாள். "கொஞ்சம் பாத்துக்கப்பா, உப்பு வாங்கிட்டு ஓடியாந்துடறேன்." பிச்சாண்டி கூரையிலிருந்து ஓலை ஒன்றை உருவிக் குறுக்கே கிழித்தான். பாதியை அவளிடம் கொடுத்து, மறுபாதியைக் கூடையில் செருகினான். கிழிசல் பொருந்தினால்தான் பொருள் திரும்பும். அவள் ஒரு செப்புக்காசை வைத்துவிட்டுப் போனாள்.

அம்பலவாணரின் கண் கோழிக்கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"அது என் வீட்டு வெள்ளிக் கூஜா. இங்கே எப்படி வந்தது?"

"உங்கள் வீட்டு அம்மா வளையல் பார்க்கப் போயிருக்கிறார்கள், ஐயா."

"எடு இங்கே."

"பாதி ஓலை வைத்திருக்கிறீர்களா, ஐயா?"

"நான் மந்திரியடா."

"மந்திரிக்கும் ஓலை வேண்டும், ஐயா."

இந்தத் திமிருக்கு இப்போதே தண்டனை கிடைக்கும் என்று அம்பலவாணர் மன்னரைத் திரும்பிப் பார்த்தார். மன்னர் தலையிலிருந்து கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"காலையிலிருந்து நெற்றியை அறுக்கிறது. நானும் ஒருநாள் இந்தச் சந்தையைச் சும்மா சுற்றிப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன். இந்தா, வைத்துக்கொள்."

நாட்டின் கிரீடம் புளிமூட்டைமேல் உட்கார்ந்ததைப் பார்த்து அம்பலவாணர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிச்சாண்டியோ அதற்கும் ஓர் ஓலையைக் கிழித்து, பாதியை மன்னரிடம் நீட்டினான். நீட்டிய கையை மடக்கவில்லை.

"கூலி, அரசே. ஒரு செப்புக்காசு."

மன்னர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். மன்னர்கள் காசு வைத்துக்கொள்வதில்லை.

"அம்பலவாணரே, கொடுங்கள்."

அம்பலவாணர் கொடுத்தார். சந்தையே கேட்கும்படி மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சாயங்காலம் ஓலை பொருந்தியது. கிரீடம் தலைக்குத் திரும்பியது. அந்தக் கடையைப் பிச்சாண்டிக்கே சாசனம் செய்து, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு தொட்டிலும் கொடுத்துவிட்டு மன்னர் அரண்மனைக்குப் போனார். அம்பலவாணர் மட்டும் கடை வாசலிலேயே நின்றார். அவர் மனைவியின் வளையல் பேரம் இன்னும் முடியவில்லை.