பின்தட்டு

“கல் எதனால் உடைகிறது மேடம்?”

கேட்டவர் கோதண்டம். வயது நாற்பத்தெட்டு. ஆராய்ச்சி மாணவர். கேட்கப்பட்டவர் மெஹருன்னிசா. வயது முப்பத்து நான்கு. அவருக்குக் குரு.

விண்கல் மோதினால் பூமியிலும் நிலாவிலும் இருக்கும் பாறைக்கு உள்ளே என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அந்தக் கூடத்தில் வேலை. கல்துண்டை இரும்புக் கூட்டில் வைத்து மூடுவார்கள். நீளக் குழாய்த் துப்பாக்கியால் அடிப்பார்கள். பிறகு கூட்டைத் திறந்து கல்லை எடுத்து, உருப்பெருக்கியில் பார்ப்பார்கள்.

கோதண்டம் மூன்று முறை அடித்தார். மூன்று முறையும் எடுக்கக் கல் இல்லை. மாவுதான் இருந்தது.

“இட்லிக்கு ஆகும்” என்றார் மெஹர், அந்த மாவைப் பார்த்து.

கோதண்டம் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த ஒரே துண்டை மேசையில் வைத்தார்.

“இதை வேற யாருக்காவது குடுத்துடுங்க மேடம். நான் நின்னுக்கறேன்.”

“வீட்ல என்ன?”



“சம்சாரத்துக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மார்புல கட்டி. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. மூணு வாரமா நானும் அவளும் மட்டுந்தான் சுமக்கறோம்.”

“பொண்ணு?”

“நித்திலா மதுரையில படிக்கிறா. அவகிட்ட சொல்லலை. அந்த வலி அவளுக்கு எதுக்கு மேடம்?”

 நாலாவது அடிக்கென்று கோதண்டம் பூட்டிவைத்திருந்த வெறுங்கூட்டை மெஹர் எடுத்து, திருகு திருகாகக் கழற்றினார். கல்லுக்கு இடம். அதற்குப் பின்னால், பளபளவென்று தேய்த்த இரும்புத் தட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதம்.

“இது எதுக்கு?”

“தட்டுல கீறல் விழக் கூடாதுன்னு வெச்சேன்.”

“மூணு தடவையும்?”

“மூணு தடவையும்.”

மெஹர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “வாங்க” என்று எழுந்தார்.

சாப்பாட்டு அறையில் கேரம் பலகை கிடந்தது. நாலு காய்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்தார். ஸ்ட்ரைக்கரால் ஒரு சுண்டு.

கடைசிக் காய் மட்டும் ஓடிப்போய்ப் பலகையின் ஓரச்சட்டத்தில் முட்டியது. நடுவில் இருந்தவை அசைந்தும் அசையாமலும் நின்றன.

“அடி எங்க போச்சு?”

“கடைசிக் காய்க்கு.”

“நடுவுல இருந்ததுக்கு?”

“அதுக்குள்ள புகுந்துதான் போச்சு. ஆனா தங்கலை.”

“கல்லும் அப்படித்தான் சார். அமுக்கினா தாங்கும். உள்ள போன அடி, மறுபக்கம் தொட்டுக்கிட்டு ஆள் இல்லேன்னா திரும்பி வரும். திரும்பி வர்றப்பதான் கிழிக்கும். உங்க காகிதம் தட்டைத் தொட விடலை.”

கோதண்டம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ தட்டுக்கு அடிபடுமே மேடம்?”

“படும். கூட்டோட பின்பக்கமா பிச்சிக்கிட்டுப் பறக்கும்.”

“பாவமில்லையா?”

மெஹர் சட்டைப் பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். ஓரத்தில் சின்ன நசுங்கல். மற்றபடி முழுசு.

“பதினோரு அடி வாங்கினது. பறந்து போய் விழற இடத்துல பழந்துணி மூட்டை அடுக்கியிருக்கோமே, எதுக்கு? எடுத்துத் துடைச்சு மறுபடியும் வெச்சுக்கறோம்.”

கோதண்டம் அதை விரலால் தடவினார். ஒருமுறை. இன்னொருமுறை.

பிறகு வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்று, மகளைக் கூப்பிட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கட்டி என்றார். வெள்ளிக்கிழமை என்றார். 

அந்தப் பக்கம் அழுகை. அவர் தேற்றவில்லை. ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் வழிந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவை.

அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“அம்மாகூட இப்ப யார் இருக்கா?”

“பக்கத்துக் கட்டில்காரங்க பாத்துக்கறாங்கம்மா.”

“அப்ப நீங்க அங்க கல்லோட என்னப்பா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீங்க? போங்க. நான் வர்றேன்.”