பாயிண்டில் வைத்த பொட்டு

ஆவுடையப்பன் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு குருவைத் தேடிக்கொண்டவர். குருவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. பெயர் முத்துச்செல்வி. எதிர்வீட்டுக்காரி, தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்துகிறவள். பழைய கார் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து அவர் அவளிடம் பாடம் கேட்டு வந்தார். அவருக்கு அவள் டீச்சர், அவளுக்கு அவர் அண்ணாச்சி.

விஜயதசமியன்று காலையில் அந்தக் கார் கிளம்ப மாட்டேன் என்றது.

பிள்ளை பெற்ற மகள், ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வீட்டுக்கு வருகிற நாள் அது. பேத்தி முதன்முதலில் ஏறுவது தாத்தாவின் வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ராகு காலம் வருவதற்குள் புறப்பட வேண்டும். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று மனைவி கோமதி கேட்டதும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்வீட்டுக்கு ஓடினார்.

“டீச்சர், நேத்து ஆயுத பூஜையில ஒரு குறையும் வைக்கலையே. பொறவு ஏன் கைவிடுது? தெய்வக் குத்தமா?”

அவள் ப்ளக் கழற்றும் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே நடந்தாள்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாகச் சுற்றியது. எஞ்சின்தான் பற்றவில்லை. பெட்ரோல் இருந்தது. அவள் சொன்னபடி ஒரு ப்ளக்கைக் கழற்றி, வயரோடு மாட்டி, கட்டிங் ப்ளேயரால் பிடித்து எஞ்சின் இரும்பில் ஒட்டவைத்தார். கோமதி சாவியைத் திருப்பினாள். பொறி வரவில்லை.

பொறி எங்கிருந்து வரவேண்டுமோ அங்கே போய்ப் பாருங்கள் என்றாள் டீச்சர். அவர் சாவியை அணைக்கச் சொல்லிவிட்டு, வயர் போன வழியே போய், ப்ளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார்.

உள்ளே, தொட்டுத் தொட்டுப் பிரிய வேண்டிய இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் அழகாகக் குங்குமம்.

முத்துச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போன வாரம் நீங்கதான டீச்சர் சொன்னிய, இங்கதான் நெருப்பே பிறக்குதுன்னு. அதான் இங்க மட்டும் கூடக் கொஞ்சம் வச்சேன்.”

“சாமி வரம் குடுத்தாச்சு அண்ணாச்சி. பூசாரிதான் விடல.”

அதற்குப் பிறகு அவளால் அடக்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கோமதி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். ஆவுடையப்பனுக்கு முதலில் ரோஷம் வந்தது, பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே சுரண்டினார். மெல்லிய உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்து, துணியால் துடைத்தார். டீச்சர் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. மறுபடி ப்ளக்கை இரும்பில் வைத்தபோது, நீலமாய் ஒரு பொறி சொடுக்கிப் பாய்ந்தது. அவர் அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். அவருடைய கை செய்த நெருப்பு அது.

எல்லாவற்றையும் மாட்டியதும் கோமதி சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் எஞ்சின் பற்றிக்கொண்டது. அந்தச் சத்தம் நாதஸ்வரத்தைவிட இனிமையாக இருந்ததாக அவர் பின்னால் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும், கேட்டவர்கள் யாரும் மறுக்கவில்லை.

கோமதி பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தாள். அவரோ ஏறாமல் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைப் பிடித்தார். வண்டியை நிறுத்தி, ஒரு தேங்காய் உடைத்து, சூடம் காட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றார்.

முத்துச்செல்வி அவர் கையை மெல்ல விலக்கி, கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

“நேத்து நீங்க வண்டியக் கும்பிட்டிய. இன்னைக்கு வண்டி ஒங்க பேத்தியக் கும்பிடப் போவுது. குறுக்க நிக்காதிய அண்ணாச்சி, ஏறுங்க.”