பழைய பிராசஸரைத் திரும்பப் போட்ட கதை

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். விருதுநகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த நவாஸுக்கு வயது இருபத்தாறு. அவனிடம் தொழில் கற்க வந்த பரிமளத்துக்கு நாற்பத்தேழு. அவள் அவனைத் தம்பி என்பாள், அவன் அவளை அக்கா என்பான். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவன் சொன்னதுதான்.

ஆறு மாதமாகியும் பரிமளத்துக்கு எதுவும் சட்டென்று ஏறவில்லை. ஒன்றையே நாலு தரம் கேட்பாள், தலையாட்டுவாள், மறுநாள் ஐந்தாம் தரமும் கேட்பாள். அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அன்று செவத்தையா வீட்டு கம்ப்யூட்டர் வந்திருந்தது. எட்டு வருஷப் பழசு. அவர் மகள் அதில் கட்டட வரைபடம் போடுகிறாள். ஒரு படம் திறப்பதற்குள் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம். பிராசஸரை மாற்றினால் போதும் என்று நவாஸ் புதிதாக ஒன்றை வாங்கி வைத்துவிட்டு வெளியே போயிருந்தான்.

இதையாவது ஒழுங்காக முடித்தால் இருப்பது, இல்லாவிட்டால் இன்றோடு நின்றுவிடுவது என்று பரிமளம் மனசுக்குள் முடிவு கட்டினாள். பழசைக் கழற்றினாள். புதுசை மதர்போர்டில் பொருத்தி, மேலே காற்றாடியை முடுக்கி, சுவிட்சைப் போட்டாள்.

காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று தரம் கழற்றி மாட்டிப் பார்த்தாள். அதே கறுப்பு.

நவாஸ் திரும்பி வந்தபோது அவள் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"போர்டைக் கெடுத்துட்டேன் தம்பி. எனக்கு இது வராது. நாளையிலேருந்து நான் வரல."

அவன் குனிந்து பார்த்தான்.

"சரியாத்தானே மாட்டியிருக்கீங்க. பழசு எங்கே?"

"தூக்கிப் போடலாம்னு அந்த டப்பாவுல வச்சேன்."

"எடுங்க."

"அதுக்கு வேகம் பத்தாதுன்னுதானே கழற்றினோம்!"

"எடுங்கக்கா."

பழசைத் திரும்பப் போட்டான். ஆடி அசைந்து திரை வெளிச்சமானது. ஒரு பென்டிரைவைச் செருகி எதையோ ஓடவிட்டான். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நீண்டது.

"என்னப்பா நடக்குது?"

"இந்த போர்டைச் செஞ்சப்போ அந்தப் புது பிராசஸர் பிறக்கவே இல்ல. அது யாருன்னே இதுக்குத் தெரியாது. தெரிய வைக்கிற புரோகிராமைத்தான் இப்போ பழசு ஏத்துது."

"புதுசுக்குத்தான் அவ்வளவு வேகம் இருக்கே, அதுவே ஏத்திக்கக் கூடாதா?"

"அது பேசினா போர்டுக்குப் புரியாதே."

கோடு முடிந்தது. புதுசை மறுபடி அவளையே மாட்டச் சொன்னான். திரை பளிச்சென்று வந்தது. செவத்தையா மகளின் வரைபடம் கண் மூடித் திறப்பதற்குள் விரிந்தது. "அடி ஆத்தே!" என்று பரிமளம் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த கையோடு அவள் முகம் வாடியது.

"வேலை முடிஞ்சுது, சந்தோஷம். ஆனா என்னை மாதிரி மந்தமான ஆளை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போறே? நிஜத்தைச் சொல்லு தம்பி."

நவாஸ் பென்டிரைவை உருவி மேஜையில் வைத்தான்.

"நாளைக்குச் சூசையம்மாள்னு ஒருத்தங்க தொழில் கத்துக்க வர்றாங்க. இப்போ அவங்ககிட்ட அரைமணி நேரம் பேசிட்டுத்தான் வர்றேன். நான் சொன்னதுல ஒண்ணுகூட அவங்களுக்குப் புரியல. நீங்க ஒன்பது மணிக்கே வந்துருங்கக்கா."