எந்த இடத்து மிச்சம்

“கான்கிரீட் மொத்தம் சரியாத்தானே வருது மேடம்? அதை எதுக்கு இடம் இடமாக் கூறு போடணும்?” என்று சலித்துக்கொண்டார் இஸ்ரவேல்.

ஒரு கட்டடத்துக்கு எது எவ்வளவு ஆகும் என்று அளந்து சொல்லும் வித்தையைச் சிவகாமியிடம் கற்றுக்கொள்ள வந்திருந்தார். சிவகாமி வயதில் இளையவர்தான். இஸ்ரவேல் சைட்டிலேயே நின்று காய்ந்த எஞ்சினியர். அதனால் தலைக்கனமும் கொஞ்சம் கூடவே உண்டு.

சிவகாமி வரைபடத்தை அவர் பக்கம் தள்ளினார்.

வேறு வழியில்லாமல் இஸ்ரவேல் பிரிக்க உட்கார்ந்தார்.

தகரக் கொட்டகைக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

“சார், அவுக வந்தாகளா?”

பேச்சித்தாய். அவள் புருஷன் சப்பாணி இந்த சைட்டில் கொத்தனாருக்குக் கையாளாக இருந்தவன். ஒரு மழை நாளுக்குப் பிறகு ஆளைக் காணோம். அவள் தினமும் வந்து ஈசானி மூலைத் தூணோரம் நிற்பாள். விரட்டினால் போவாள், மறுநாளும் அங்கேயே வந்து நிற்பாள்.

“அவன் எவளோடயோ ஓடிட்டான்னு எத்தன தடவ சொல்றது? அங்க நிக்காத, கேட்டுக்குப் போ!”

விரட்டிவிட்டு இஸ்ரவேல் மறுபடி படத்தின் மேல் குனிந்தார். ஒருவழியாக வேலை முடிந்தது.

“எல்லாத்தையும் பிரிச்சாச்சு மேடம்.”

“கேட் பக்கத்துல ஒரு கான்கிரீட் தளம் கிடக்கே. அது படத்துல எங்க?”

“அது மிச்சத்துல போட்டது மேடம். வீணாப் போக வேண்டாமேன்னு.”

“எந்த இடத்து மிச்சம்?”

இஸ்ரவேல் தேடினார். தூண் குழிகள் எல்லாமே படத்தில் இருந்ததைவிடக் கூடுதலாகத்தான் கான்கிரீட் குடித்திருந்தன. மண்ணின் குணம் அப்படி. ஒரே ஒரு குழி மட்டும் குறைவாகக் குடித்திருந்தது.

“ஈசானி மூலை,” என்றார். “உள்ள மண்ணு சரிஞ்சிருக்கும்.”

“எப்பக் கொட்டுனீங்க?”

“மழைக்கு மறுநாள் காலையில. குழியில தண்ணி நின்னுச்சு. மேல மூடுன தகரம்கூட விலகிக் கெடந்துச்சு.”

“அன்னிக்கு ஆளுங்க?”

“மொத்தம் சரியா இருந்துச்சு மேடம். ஒருத்தன் வரல. புதுசா ஒருத்தன் சேந்தான்.”

சிவகாமி எழுந்து வெளியே நடந்தார். இஸ்ரவேல் பின்னால் போனார்.

கேட்டருகே அந்தத் தளம் கிடந்தது. குறுகலாக, நீளமாக. இத்தனை நாளும் அதை மிதித்துக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

“படுங்க சார்.”

“மேடம்?”

“படுங்க.”

இஸ்ரவேல் படுத்தார். உச்சந்தலையில் தளம் தொடங்கியது, குதிகாலில் முடிந்தது. தோளுக்கு இரண்டு பக்கமும் விரல் வைக்கக்கூட இடமில்லை. கையைத் தொங்கவிட்டுக் கனத்தைத் தடவிப் பார்த்தார். அதுவும் ஓர் ஆளின் கனம்தான்; ஈசானி மூலைக் குழி கொள்ளாமல் விட்ட அளவு.

உச்சி வெயில். அவர் முதுகு மட்டும் சில்லிட்டது.

தட்டுத் தடுமாறி எழுந்து ஈசானி மூலையைப் பார்த்தார். பேச்சித்தாய் அங்கேதான் நின்றிருந்தாள். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு அவளை நோக்கி நடந்தார்.

வருகிறவரைக் கண்டதும் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர்ந்தாள்.

“இந்தா, போயிருதேன் சார்.”

“போகாதீங்கம்மா,” என்றார் இஸ்ரவேல். “அங்கயே நில்லுங்க.”