இசக்கியின் மீன்

செண்பகவடிவு அம்மாளிடம் ஏழு வருஷம் மண்வேலை கற்றவன் ஆவுடையப்பன். பள்ளிக்கூடத்து முன்சுவருக்குப் பிள்ளைகளை வைத்தே சித்திர ஓடுகள் செய்துதர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தார் கேட்டு வந்தபோது, அம்மாள் அந்த வேலையை அவனிடம் விட்டாள்.

நாற்பது பிள்ளைகள். ஆளுக்கொரு ஓடு. சதுரச் சட்டத்தில் களிமண்ணை அழுத்தி, மேலே மனசுக்குப் பிடித்ததைச் செய்தார்கள். ஆடு, பஸ், தேர், தென்னை. இசக்கி என்ற எட்டு வயதுப் பெண் ஒரு மீன் செய்தாள். இரண்டு கண்ணும் ஒரே பக்கம். வால் உடம்பைவிடப் பெரிசு.

பிள்ளைகள் சாப்பிடப் போன நேரம். ஊரே பார்க்கப்போகும் சுவராயிற்றே என்று ஆவுடையப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூங்கில் கத்தியால் மீனின் ஒரு கண்ணை வழித்தெடுத்தான். வாலைக் குறைத்தான். செதில் செதிலாகக் கீறினான். மீன் உயிரோடு நீந்துவதுபோல் இருந்தது.

சூளையில் சுட்டு, ஓடுகளைச் சுவரில் பதித்த அன்று பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒவ்வொன்றும் தன் ஓட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றது. இசக்கி மட்டும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"இந்தா இருக்கு உன் மீன்" என்றான் ஆவுடையப்பன்.

"இது நல்லாருக்கு. ஆனா என்னோடது இல்ல."

"ஏன்?"

"என் மீனு ரெண்டு கண்ணாலயும் நம்மளயே பாக்கும்."

அவன் அம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னான்.

"நல்லதாத்தான் மாத்தினேன், அம்மா."

"பாத்தேன். சுவத்துலயே அதுதான் அழகான ஓடு."

அவன் முகம் மலர்ந்தது.

"இசக்கி எங்க கை வைப்பா?" என்று கேட்டாள் அம்மாள்.

மறுநாள் காலையில் உளியும் சுத்தியலுமாகப் போய் அந்த ஓட்டைப் பெயர்த்தான். அது மூன்று துண்டாக உடைந்தது. இசக்கியிடம், தான் செய்தது தப்பு என்று சொல்லி, புது மண்ணைப் பிசைந்து முன்னால் வைத்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"வால் போதுமா?" என்றாள் அவள்.

"நீதான் சொல்லணும்."

யோசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பெரிசாக்கினாள். அவன் விரல்கள் துடித்தன. அப்படியே இருந்தான்.

திறப்பு விழாவன்று இசக்கி தன் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வாத்தியார்களை அழைத்து வந்தாள். வழியே போன பால்காரரையும் விடவில்லை. "முழுசா நானே செஞ்சேன்" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். தூரத்தில் நின்ற ஆவுடையப்பனுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர் ஒருவர் அவனிடம் வந்தார். "இதுல நீங்க செஞ்சது எது?"

அவன் அம்மாளைத் தேடிப் போய்க் கேட்டான்.

"எதைக் காட்டட்டும், அம்மா?"

"அந்த மீனைக் காட்டு."

"அதுல என் விரல்கூடப் படலியே."

"ஏழு வருஷத்துல நீ செஞ்ச பெரிய வேலை அதுதான்" என்றாள் அம்மாள்.