தெளிந்த தண்ணீர் கேட்ட கொக்கு

கடலோரத்து அலையாத்திக் காட்டில், ஒரு சுரபுன்னை மரத்தின் வேர்களுக்கு நடுவே கொடுக்காயி என்ற நண்டு வளை தோண்டி வாழ்ந்தது. அதே மரத்தின் உச்சியில் தூயமணியார் என்ற கொக்கு கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தார்.

கொடுக்காயியின் பிழைப்பு எளிது. மரம் இலையை உதிர்க்கும். கொடுக்காயி அதைக் கவ்விப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் வளைக்குள் தள்ளும். உடனே தின்னாது. புது இலை வாயில் துவர்க்கும். கறுப்புச் சேற்றில் ஊறி, துவர்ப்பு இறங்கி, பதமான பிறகுதான் சாப்பாடு.

சாப்பிடும்போதுதான் தொல்லை. வாயிலிருந்து துணுக்குகள் சிந்தும். அதைப் பொறுக்க இறால்கள் கும்பலாக வந்துவிடும்.

"அக்கா, அந்த ஓரத்துத் துண்டு உங்களுக்கு வேணுமா?"

"அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்!"

"ஏ ஒட்டுண்ணிக் கூட்டமே! ஒரு வாய் நிம்மதியாத் தின்ன விடுங்கடி!" என்று கொடுக்காயி கத்தும். இறால்கள் போனால்தானே!

இந்தத் தொல்லை போதாதென்று ஒருநாள் தூயமணியார் கூட்டம் போட்டார். காரணம் கொடுக்காயிக்குத் தெரியும். காலையில் அவர் ஒரு மடவை மீனைக் குறிபார்த்து, சேற்றைக் கொத்தியதை அது வளை வாசலில் இருந்தே பார்த்தது. அவருக்குக் கண் முன்போல் இல்லை. ஆனால் அவர் பழி போட்டது இலைச்சாறு இறங்கிய பழுப்புத் தண்ணீர் மேல்!

"பேரன்பு கொண்ட கழிமுகப் பெருமக்களே!" என்று கழுத்தை நீட்டினார் தூயமணியார். "என்ன நாற்றம்! என்ன அலங்கோலம்! விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடக்கிறது! நம் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆக வேண்டாமா?"

"ஆகணுங்கய்யா! ஆகணுங்கய்யா!" என்றன நீர்நாய்கள். அவை எதற்கும் அப்படித்தான்.

கொடுக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓய்! அது அலங்கோலம் இல்லை. என் சோறு!"

"சோத்தை யாராவது சேத்துல போட்டு வைப்பாங்களா?"

"ஊறணும்யா! ஊறினாத்தான் தின்ன முடியும்!"

"ஓகோ, பதுக்கல் வேறயா? குறிச்சுக்குங்கப்பா!"

"குறிச்சுக்கிட்டோங்கய்யா!" என்றன நீர்நாய்கள். அவற்றுக்கு எழுதத் தெரியாது.

வேலை தொடங்கியது. ஓதம் வற்றி, தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம் பார்த்து, நீர்நாய்கள் இலைகளை வாலால் அடித்து அடித்துக் கடலுக்குத் தள்ளின. நண்டு வளைகளைத் தோண்டிக் கறுப்புச் சேற்றை வாரிக் கரையில் குவித்தன. கடைசி இலையின் ஒரு முனையைக் கொடுக்காயி பிடித்துக்கொண்டது. மறுமுனையை ஒரு நீர்நாய் இழுத்தது.

"விடுடா!"

"அய்யா சொன்னாருக்கா!"

"அய்யாவா எனக்குச் சோறு போடுவாரு?"

இலை கிழிந்தது. நீர்நாய் தன் பங்கைக் கடலில் எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனது.

அந்தச் சேறு சும்மா கிடந்த சேறு அல்ல. காலங்காலமாக விழுந்த இலைகளைக் காற்றுப் படாமல் தன் வயிற்றில் அமுக்கி வைத்திருந்தது. கரியமிலக் காற்றிலிருந்து மரம் உறிஞ்சிய கரியும் அந்த இலைகளோடு அங்கேயே அடங்கிக் கிடந்தது. வெயிலில் குவித்ததும் சேறு வெடித்தது. பழைய இலைகள் மக்கின. உள்ளே இருந்த கரி காற்றோடு காற்றாகப் போனது. குவியல் நாளுக்கு நாள் சுருங்கியது. நாற்றம் மட்டும் வளர்ந்தது.

"இன்னும் நாறுதே! ஆழமாத் தோண்டுங்கப்பா!" என்றார் தூயமணியார்.

"தோண்டுறோங்கய்யா!"

"அட, தோண்டினதாலதானே நாறுது!" என்று கொடுக்காயி கொடுக்கைத் தூக்கிக்கொண்டு கத்தியது. "இந்த மனுசனுக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்களேன்!" கோபத்தில் கொக்கை மனுசனாக்கியதைக்கூட அது கவனிக்கவில்லை.

யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இறால்கள்தான் கொடுக்காயியிடம் வந்தன.

"அக்கா, நாங்க போயிட்டு வாரோம்."

"எங்கேடி?"

"இலை கிடக்கிற வேற உப்பங்கழிக்கு. நீங்க சிந்துறதை நம்பித்தானே இங்க இருந்தோம்?"

"போங்க, போங்க! விட்டது தொல்லை!" என்றது கொடுக்காயி. ஆனால் இறால்களுக்குப் பின்னால் மடவைகள் போயின. மடவைகளுக்குப் பின்னால் கொடுவா மீன்களும் போயின. கொடுக்காயி கொடுக்கால் தன் ஓட்டில் அடித்துக்கொண்டது. 'அடச்சே! நான் சிந்தின சிந்தலிலா இந்த ஊரே ஓடிக்கிட்டிருந்தது? இது தெரியாம நான் வேற அதுகளை விரட்டிக்கிட்டு இருந்தேனே!'

ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்தது. தூயமணியார் சிறகை நீவிக்கொண்டு இறங்கினார்.

"பாத்தியா கொடுக்காயி! அடி வரைக்கும் தெரியுது!"

"என்ன தெரியுது?"

அவர் குனிந்து பார்த்தார். தம் கால் தெரிந்தது. தம் மூக்கு தெரிந்தது. தலையைச் சாய்த்து மறு கண்ணாலும் பார்த்தார். மீன் தெரியவில்லை. இருந்தால்தானே தெரியும்!

அந்த நேரம் மேலே 'கிறீச்' என்று ஒரு சத்தம். சேற்றைப் பறிகொடுத்த வேர்கள் பிடி இல்லாமல் நெளிந்தன. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூட்டில் குஞ்சுகள் அலறின.

"எல்லாம் இந்த நண்டாலே வந்த வினை!" என்றார் தூயமணியார்.

கொடுக்காயிக்கு வாயில் நுரை தள்ளியது. "நானா? நானாய்யா?"

குஞ்சுகள் மறுபடி கத்தின. இந்த முறை பசியில். தூயமணியாரின் நீண்ட கழுத்து உள்ளே போனது.

"பிள்ளைங்க நேத்துலேருந்து பட்டினி. மரமும் நிக்காது போலிருக்கு. என்ன செய்யணும், சொல்லு கொடுக்காயி."

"மிச்சம் இருக்கிற சேத்தை வேரடியிலே தள்ளச் சொல்லும். அதுக்கப்புறம் ஒண்ணும் செய்யாதீரும்!"

"ஒண்ணுமேவா? ஒரு சின்னக் கூட்டமாவது..."

"ஒண்ணுமே! இலை விழும். விழட்டும். கிடக்கும். கிடக்கட்டும்!"

"தள்ளுறோங்கய்யா!" என்று நீர்நாய்கள் ஓடின. ஆனால் குவியலில் பெரும்பகுதி காற்றாகவே போயிருந்தது. மீந்த சேறு வேர்களில் பாதியைத்தான் மூடியது. மரம் விழவில்லை. நிமிரவும் இல்லை.

தூயமணியார் தினமும் தூரத்துக் கழிக்குப் பறந்தார். சிறகு நோக நோக, ஒவ்வொரு மீனாகச் சுமந்து வந்து சாய்ந்த கூட்டில் இறங்கினார். கீழே இலைகள் விழுந்துகொண்டிருந்தன. அவற்றை வாரித் தள்ள அவருடைய அலகு பரபரத்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"கொடுக்காயி, மீன் எப்போ திரும்பி வரும்?"

"இலை பதமாகணும்."

"எப்போ பதமாகும்?"

"நீர் கேக்குறதை நிறுத்தினா!"

எதையும், அது யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்காமல், குப்பை என்று வாரி எறிபவர், தம் பிள்ளைகளின் இரையையும் அதோடு சேர்த்தே எறிந்துவிடுகிறார்.