வலிக்காமல் பிடித்துவிட்ட குரங்கு

மூங்கில் காட்டில் ஒரு செந்நாய்க் கூட்டம் இருந்தது. கருவாலன் என்ற நாய்தான் அதற்குத் தலைவன். அந்தக் காட்டு நாய்களுக்கும் குரங்குகளுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. வேட்டையாடிக் களைத்து வரும் நாய்களுக்குக் குரங்குகள் உடம்பு பிடித்துவிட வேண்டும். பதிலுக்கு, குளத்தில் தண்ணீர் குடிக்க இறங்கும் குரங்குகளை நாய்கள் தொடக் கூடாது. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு நாய்கள் முனகுவதைக் கேட்டால் மான்களுக்கே சிரிப்பு வரும்!

ஒருநாள் காட்டுப்பன்றியைத் துரத்தும்போது, கருவாலனின் பின்தொடையில் ஒரு மூங்கில் சிராய் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஓடினால் மட்டும் சுருக்கென்றது.

அன்று பிடித்துவிட வந்தது நெட்டைவிரலி என்ற பெண் குரங்கு. முதுகிலிருந்து நீவிக்கொண்டே வந்த அதன் விரல் தொடையில் நின்றது.

"தலைவரே, உள்ளே சிராய் இருக்கு! பிதுக்கி எடுத்திடலாம். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோங்க!"

அழுத்தியதுதான் தாமதம், கருவாலன் திரும்பி அதன் கையைக் கடித்துவிட்டது.

"என்னையே நோகடிக்கிறியா? ஓடு! இனிமே என் பக்கம் வராதே!"

ரத்தம் சொட்டச் சொட்ட நெட்டைவிரலி மரமேறியது. உதவ வந்ததற்கு நல்ல கூலி! இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

மறுநாள் குட்டைவாலன் என்ற குரங்கு வந்தது. நடந்ததையெல்லாம் கிளையில் இருந்து பார்த்திருந்த குரங்கு அது. அதற்குப் பிள்ளைகுட்டிகள் உண்டு. தலைவனைப் பகைத்துக்கொண்டால் அவற்றுக்குத் தண்ணீர் கிடைக்காது. அதனால் கழுத்தைப் பிடித்தது, காது மடலை உருவியது, முதுகை நீவியது. தொடைப் பக்கம் வந்ததும் விரல்கள் ஒதுங்கிப் போயின.

"ஆகா! கைன்னா இதுதான் கை!" என்றது கருவாலன்.

"எல்லாம் உங்க உடம்பு வாகு தலைவரே!" என்றது குட்டைவாலன்.

தினமும் இப்படியே நடந்தது. தொடை வீங்கியது. பிறகு சீழ் பிடித்து நாறியது. குட்டைவாலன் மூச்சை அடக்கிக்கொண்டு காது மடலை உருவியது.

"கால் எப்படி இருக்கு?" என்று கவலையோடு கேட்டது கருவாலனின் துணை செம்பி.

"அதுக்கென்ன? தினமும்தான் பிடிச்சு விடுறானே!"

கோடை வந்தது. குளம் வற்றியது. மான்கள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. கூட்டமும் போயாக வேண்டும். ஓட முடியாத நாய்க்காகக் கூட்டம் நிற்காது, தலைவனாக இருந்தாலும் அதுதான் வழக்கம். கருவாலன் எழுந்து சில அடிகள் வைத்தது. கால் மடங்கிக் கீழே விழுந்தது.

"குட்டிங்க பசியில கிடக்குதுங்க" என்றது செம்பி. கருவாலனின் முகத்தை நக்கிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தின் பின்னால் ஓடியது. பாவம், அது வேறு என்னதான் செய்யும்?

கருவாலன் மரத்தை அண்ணாந்து பார்த்தது. "டேய் குட்டைவாலா! என் கால் அழுகுறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் தலைவரே."

"அப்புறம் ஏன்டா சொல்லலை?"

"சொன்னா கடிப்பீங்கன்னும் தெரியுமே!"

கருவாலன் கெஞ்சியது. "நெட்டைவிரலியைக் கூப்பிடு! எவ்வளவு வலிச்சாலும் இனி கடிக்க மாட்டேன்!"

நெட்டைவிரலி இறங்கி வந்தது. தொடையை மெல்லத் தொட்டுப் பார்த்தது.

"சிராய் எங்கே இருக்குன்னே இப்பத் தெரியலை தலைவரே. தொடை முழுக்க அழுகிப் போச்சு."

அழுத்திப் பார்த்தபோது கருவாலனுக்கு வலிக்கக்கூட இல்லை. நெட்டைவிரலி கையை எடுத்துக்கொண்டது. பிறகு குரங்குகளும் தண்ணீர் தேடிக் கிளம்பிவிட்டன. வற்றிய குளத்தின் ஓரத்திலேயே கருவாலன் தனியாகச் செத்துப்போனது.

வலிக்கும் இடத்தைத் தொட்டவரைக் கடித்து விரட்டினால், அதன்பின் நம்மிடம் வருகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் தடவிக் கொடுப்பார்கள்.